விட்டுப்போன ஸட்ஜம்

நீங்களும் முட்டிக்குத்தானா? வலதா, இடதா? எனக்கு இரண்டும். இப்படி உட்காருங்கள், இந்த நாற்காலிக்குத்தான் மின்விசிறிக் காற்று வரும். என் டோக்கன் முப்பத்தேழு. உள்ளே போயிருப்பது இருபத்திரண்டு. டாக்டர் கைராசிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முட்டியிடமும் குசலம் விசாரித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்.

இதுவா? போன்தான். மடியில் சும்மா வைத்திருக்கிறேன். பைக்குள் போட்டால் மணி அடிப்பது கேட்காது. யாரும் கூப்பிடப் போவதில்லை. இருந்தாலும் அடித்தால் கேட்கவேண்டும் அல்லவா?

என் முட்டி கீழே விழுந்து கெட்டதில்லை. தம்பூராவால் கெட்டது. சிரிக்காதீர்கள். பதினான்கு வருஷம், ஒவ்வொரு கச்சேரிக்கும் இரண்டரை மணி நேரம் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்தால் யானை முட்டியும் கெடும். மேடையில் பாடகி பிரபாவதி இருப்பார். அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். பின்னால் ஒரு பொம்பளை கண்ணை விழித்துக்கொண்டு தம்பூராவை மீட்டிக்கொண்டு இருப்பாளே, யாரும் பார்க்கமாட்டார்களே, அது நான்தான். பெயர் கோமளவல்லி.

பாட்டெல்லாம் தெரியாது. ஏழாவதோடு நின்றேன். பிரபாம்மா வீட்டுக்குச் சமையலுக்குத்தான் போனேன், மந்தைவெளியில். ஒருநாள் தம்பூரா போட வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. கச்சேரிக்குப் போக ஆட்டோ வாசலில் நிற்கிறது. பிரபாம்மா சமையலறைக்கு வந்து, "கோமளா, கையைக் கழுவிண்டு வா. நாலு தந்தி. ஒண்ணு ரெண்டு மூணு நாலு. திரும்ப ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார். நானும் தோசைமாவை மூடிவைத்துவிட்டுப் போனேன். அன்று பிடித்தது.

அவ்வளவுதான் என்றாரே தவிர, அதற்கு இருக்கிற சட்டம் கொஞ்சநஞ்சமில்லை. தலையை ஆட்டக்கூடாது. தாளம் போடக்கூடாது. கொட்டாவி விடக்கூடாது. பாட்டு நன்றாக இருக்கிறது என்றும் முகத்தில் காட்டக்கூடாது, இல்லை என்றும் காட்டக்கூடாது. எனக்கு அது சிரமமே இல்லை. எனக்கு நினைக்க வேறு விஷயம் இருக்கும். காஸை மூடினேனா, மொட்டைமாடியில் துணி கிடக்கிறதே மழை வருமா, பாஸ்கரன் சாப்பிட்டானா. பாஸ்கரன் என் மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அது போகட்டும்.

ஒரு லாபம் உண்டு. கேட்கிறவர்கள் எல்லாரும் மேடையைப் பார்க்கிறார்கள். நான் ஒருத்திதான் அவர்கள் எல்லாரையும் பார்க்கிறேன். யார் தூங்குகிறார், யார் அழுகிறார், யார் டிபனுக்காக எழுந்து போகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் சிவக்கொழுந்து சார் பாட்டால் நடந்த கூத்து முழுவதும் எனக்கு அத்துப்படி.

சிவக்கொழுந்து சாரைத் தெரியாதா? சங்கீதக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்றுக்கு மேல் பாட்டு செய்திருக்கிறார். எல்லாம் தமிழ், எல்லாம் நாம் பேசுகிற மாதிரி வார்த்தை. ராகத்தில் அவரை ஒருவரும் குறை சொல்வதில்லை. குறை எல்லாம் முடிவில்தான். பாட்டை முடிக்கமாட்டார் மனிதர்.

புரியும்படி சொல்கிறேன். எந்தப் பாட்டும் 'ஸ' என்கிற ஸட்ஜத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அதுதான் வீடு. எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து காலை நீட்டும். சிவக்கொழுந்து சார் பாட்டு அப்படி வராது. 'நி'யில் நின்றுவிடும். ஸட்ஜத்துக்கு ஒரு படி கீழே. வீட்டு வாசல்படி வரை வந்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறானே ஒருவன், அதுபோல. அப்படியே நின்றுவிடும், பாட்டும் முடிந்துவிடும். மிருதங்கக்காரருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

இதற்குத்தான் சண்டை. முதல் வரிசையில் ராமதேசிகன் மாமா என்று ஒருவர். ஐம்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறவர். சிவக்கொழுந்து பாட்டு என்று அறிவித்தால் போதும், அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். "பாலம் கட்டற இன்ஜினியர்தானே! பாதி ஆத்துல பாலத்தை நிறுத்திட்டு, மீதிக்கு நீஞ்சிப் போங்கோங்கறான்!" என்பார். அதே வரிசையில் லோகநாயகி அம்மா. காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு சிவக்கொழுந்து என்றால் உயிர். "கேட்கறவங்களை நம்பி விடறார் சார். உங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டி விடணுமா?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் இரண்டு பேர் பையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இருக்கும்.

எனக்கா? என்னை யார் கேட்டார்கள்! எனக்குப் பிடிக்காது. சுத்தமாகப் பிடிக்காது. அவர் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தால் மறுநாள் குழம்பு கொதிக்கும்போது அந்த 'நி' வந்து அடுப்பங்கரையில் நிற்கும். கரண்டி நின்றுவிடும். குழம்பு அடிப்பிடித்துவிடும். நிம்மதியாக ஒரு வேலை செய்யவிடாத பாட்டு என்ன பாட்டு? அதுவும் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? என் தந்தி ஸ, ஸ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பாட்டு வரமாட்டேன் என்கிறது. பாடினவருக்கு வேலை முடிந்தது. மாட்டிக்கொண்டவள் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தாறா போகிறது? நேரம் இருக்கிறது.

போன மார்கழியில் பிரபாம்மா புதிதாக ஒரு சிவக்கொழுந்து பாட்டு எடுத்துக்கொண்டார். கீரவாணி ராகம். முருகன் மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார் இல்லையா, அவரைப் பெற்றவள் பாடுகிற மாதிரி. 'வாசல் திறந்திருக்கு வேலய்யா, மலை இறங்கி வருவாயோ.' அந்த 'வருவாயோ'தான் கடைசி. அதுதான் 'நி'.

வீட்டில் அவர் சாதகம் செய்தபோதெல்லாம் நான் கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மிக்ஸியைப் போட்டுக்கொள்வேன். கச்சேரியில் மிக்ஸி ஏது? அன்றைக்கு தம்பூராவுக்கென்று தனியாக ஒரு மைக்கும் வைத்துவிட்டார்கள். தாழ்வாக, என் வாய்க்கு நேராக. நான் பார்த்தேன், ஆனால் என்ன செய்யும் மைக் என்று விட்டுவிட்டேன். எனக்கு அன்று மனசு வேறெங்கோ. காலையில் நான்கு தடவை பாஸ்கரனைக் கூப்பிட்டிருந்தேன். எடுக்கவில்லை. கம்பெனியில் வேலை அதிகம் போலிருக்கிறது. அவன் போய் ஆறு மாதம் ஆகிறது. நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. 'சோத்துக்கு மட்டும்தான் வீடு ஞாபகம் வருதா உனக்கு?' என்றேன். எந்த அம்மா சொல்லவில்லை? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். சட்டையைக்கூட மாற்றவில்லை. அது போகட்டும், நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரபாம்மா 'வருவாயோ' என்று இழுத்து, அந்த 'நி'யில் கொண்டுபோய் நிறுத்தினார். வயலின் நின்றது. மிருதங்கம் நின்றது. அரங்கத்தில் அறுநூறு பேர், ஒரு இருமல் இல்லை. என் தந்தி மட்டும்.

"ஸ..."

யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல சுருதியாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். பிரபாம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது என் வாய்.

சத்தமாகக்கூட இல்லை. முனகல்தான். ஆனால் மைக் இருக்கிறதே, கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. காஸை மூடினேனா என்ற நினைப்பில் வாய் தவறியிருக்கும். வேறென்ன?

அன்று ராமதேசிகன் மாமா வழக்கம்போல வெளியே போயிருந்தார், ஆனால் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டுவிட்டார். உள்ளே ஓடி வந்து, நாற்காலிமேல் ஏறாத குறையாகக் கைதட்டினார். "பார்த்தேளா! தம்பூரா போடறவளுக்கே பொறுக்கலை! அந்த இன்ஜினியர் விட்ட பாலத்தை ஒரு சமையக்காரி கட்டி முடிச்சுட்டா!"

லோகநாயகி அம்மா விடுவாரா? எழுந்து நின்றார். "புரியாம பேசாதீங்க. கேட்கறவங்க முடிக்கணும்னுதானே அவர் விட்டு வச்சிருக்கார்? அந்தம்மா முடிச்சாங்க. இது அவருக்குக் கிடைச்ச வெற்றி!"

"வெற்றியா? அவ வாய்ல வந்தது வலி!"

"வலி வரவைக்கறதுதான் பாட்டு!"

இரண்டு பேரும் என் வாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். என்ன நினைத்துப் பாடினாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காஸ் என்று சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிரபாம்மா பிடித்துக்கொண்டார். "நாற்பது வருஷமா பாடறேன் கோமளா. நான் நிறுத்தின இடத்துல நீ பாடறே. நாளைக்கு நீயே முன்னாடி உட்காந்துக்கறியா? நான் பின்னாடி உட்காந்து மீட்டறேன்."

"தெரியாம வந்துடுச்சும்மா."

"பெட்டி வாங்கிக்கறேன். அது வாயைத் திறக்காது."

சுருதிப்பெட்டி பார்த்திருக்கிறீர்களா? டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். பொத்தானை அழுத்தினால் தம்பூரா சத்தம் வரும். மறுநாளே வந்துவிட்டது. கூடத்தில் அது ஙொய் என்று ஓடும்போது நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான்.

சமையலை விடச் சொல்லவில்லை. மேடை மட்டும்தான் போயிற்று. எனக்கென்ன, முட்டிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன? கச்சேரி நாளில் அந்த இரண்டரை மணி நேரம்தான் யாரும் என்னைக் 'கோமளா' என்று கூப்பிடாத நேரம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, அந்த மரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால், நெஞ்சுக்கூட்டில் அது அதிரும். கவலைப்பட்டால்கூட சுருதியோடு கவலைப்படலாம். பெட்டி வந்த பிறகு கச்சேரி நாட்களில் நான் அடுப்பங்கரையில் விரலை மடித்து ஒன்று இரண்டு மூன்று நாலு என்று தொடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

பத்து நாள் கழித்து சிவக்கொழுந்து சார் வீட்டுக்கு வந்தார். நான் அதற்குமுன் அவரைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அரங்கத்தில் கதவோரம் நின்றுகொண்டே கேட்பார், உட்காரமாட்டார். கையில் குடை, காலில் ரப்பர் செருப்பு. இந்த மனிதருக்கா இவ்வளவு சண்டை என்று இருந்தது.

காபி கொண்டுபோய் வைத்தேன். "யாரு அன்னைக்கு ஸ பாடினது? இவங்களா?" என்றார்.

பிரபாம்மா முந்திக்கொண்டார். "மன்னிக்கணும் சார். ஒண்ணும் தெரியாதவ."

"தெரியாமலா அவ்வளவு சுத்தமா நின்னுது?" என்று என் பக்கம் திரும்பினார். "ஏம்மா பாடினீங்க?"

பாருங்கள், அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கேட்டார். காஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "பின்னே என்ன சார்? புள்ளை வாசல் வரைக்கும் வந்துட்டு நிக்கிறான். உள்ள கூப்பிடாம எப்படி விடறது?"

"கூப்பிட்டா வருவானா?"

"கூப்பிடாம இருந்தா எப்படி வருவான்? நான் தினம் நாலு தடவை கூப்பிடறேன்."

"வந்தானா?"

எனக்கு ஒரு நிமிஷம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே குழம்பிவிட்டது. முருகனைப் பற்றித்தான் பேசினோம்.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்தப் பாட்டுல அம்மா என்ன சொல்றா? வான்னு சொல்லலை. வாசல் திறந்திருக்குன்னு மட்டும்தான் சொல்றா. அதுக்கப்புறம் வாயை மூடிக்கணும்மா. கதவைத் திறந்து வச்சுட்டு வாயை மூடிக்கறது சாதாரணமா? நீங்க அன்னைக்கு என் பாட்டைக் கெடுத்துட்டீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இருக்கறது ஆம்பளைங்களுக்குச் சுலபம் சார். குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. நின்னு பார்த்துக்கிட்டு இருக்கறவளுக்குத்தான் தெரியும்."

"கோமளா!" என்றார் பிரபாம்மா.

சிவக்கொழுந்து சார் கோபப்படவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, எழுந்து போய் அந்தப் பெட்டியின் பொத்தானை அணைத்தார். கூடம் அமைதியாகிவிட்டது. "இந்தப் பெட்டியை வச்சு என் பாட்டைப் பாடாதீங்க பிரபா. இதுக்கு ஸ வேணும்கிற ஆசையே கிடையாது. ஆசை இருக்கற ஆள் ஒருத்தர் பின்னால உட்கார்ந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் அது முடியும். இந்தம்மாவையே வையுங்க."

"மறுபடியும் பாடிட்டா?"

"பாடிட்டா என் பாட்டு தோத்துப்போச்சுன்னு நானே ஒத்துக்கறேன்."

பிரபாம்மா யோசித்துவிட்டு என்னிடம், "இந்த மார்கழியோட கடைசிக் கச்சேரிக்கு வா. இன்னொரு தடவை வாயைத் திறந்தா மேடையும் கிடையாது, அடுப்பும் கிடையாது" என்றார்.

அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பிரபாம்மாவுக்காக என்றா நினைக்கிறீர்கள்? தம்பூராக்காரி என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க வந்த கூட்டம்! நான் மேடைக்கு ஏறுகிற பக்கத்துப் படியில் ராமதேசிகன் மாமா காத்திருந்தார். என்னிடம் அதற்குமுன் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அம்மாடி, பயப்படாதே. இன்னிக்கும் ஒரு ஸ போட்டுடு. நம்ம சங்கீதத்தோட மானமே உன் வாயிலதான் இருக்கு. நான் எழுந்து போகமாட்டேன், உனக்காக உட்காந்திருப்பேன்" என்றார். இரண்டு படி ஏறினால் லோகநாயகி அம்மா. "மனசுல வந்தா அடக்காதீங்க. பாடிடுங்க. அதுதான் அவருக்கு மரியாதை" என்றார். இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, என்னைப் பாட வைப்பதற்கு! பாடக்கூடாது என்றவர் அந்தப் பாட்டைச் செய்தவர் ஒருவர்தான். அவர் கதவோரம் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் ஒரு பெரிய கற்கண்டாக எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். வாயைத் திறந்தால் விழுந்துவிடும் அளவுக்கு.

'வாசல் திறந்திருக்கு வேலய்யா...' பிரபாம்மா அன்று பாடின மாதிரி நான் கேட்டதில்லை. நான் எங்கே கேட்டேன், எனக்குத்தான் பாட்டு தெரியாதே. 'வருவாயோ...' என்று 'நி'யில் போய் நின்றது. வயலின் நின்றது. மிருதங்கம் நின்றது. அறுநூறு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பதினான்கு வருஷத்தில் ஒருவரும் பார்க்காத முகம்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

தொண்டை வரை வந்துவிட்டது. கூப்பிடு கூப்பிடு என்கிறது. கண்ணை மட்டும் மூடவில்லை. மூடினால் போச்சு. கற்கண்டைக் கடித்தேன். அது மொறுக்கென்று உடைந்தது எனக்கு மட்டும் இடி மாதிரி கேட்டது. திரும்ப ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

அப்போதுதான் பார்த்தேன். மேலே இருப்பதால் நான்தான் பார்க்க முடியும். ராமதேசிகன் மாமாவின் குரல்வளை மேலே ஏறியது. உதடு பிரிந்தது. மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு, குழந்தை முனகுகிற மாதிரி.

"ஸ..."

மாமாதான்! சிவக்கொழுந்து பாட்டென்றால் எழுந்து போகிற மாமா! முதல் தடவையாகக் கடைசி வரை உட்கார்ந்தார், மாட்டிக்கொண்டார். லோகநாயகி அம்மா திரும்பிப் பார்த்தார். மாமா அங்கவஸ்திரத்தை வாயில் வைத்துக்கொண்டு, "கபம்" என்றார். லோகநாயகி அம்மா நடு நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். இப்போதும் பாலம், இன்ஜினியர் என்றுதான் பேசுகிறாராம். பேசட்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. முட்டிதான் போய்விட்டது. சித்திரையில் அடுத்த கச்சேரி, அதற்குள் இதைச் சரிசெய்யவேண்டும். அதற்குத்தான் இந்த டாக்டர்.

சிவக்கொழுந்து சார் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவர் பாட்டு இப்போதும் பிடிக்காது. ஆனால் அன்றிலிருந்து பதினாறு நாள் ஆகிறது, நான் திருப்பூருக்குப் போன் செய்யவில்லை. சிக்கனமாக இருக்கட்டுமே என்றுதான். 'வாசல் பூட்டலை' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பெண் அடித்துக்கொடுத்தாள். என்ன அத்தை, பாதியில் நிற்கிறதே, வா என்று போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பூட்டுக் கெட்டுப் போயிருக்கிறது, அதைத்தான் தெரிவித்தேன்.

முப்பத்தேழா? என்னையா கூப்பிட்டார்கள்? பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே தெரியவில்லை. கொஞ்சம் கையைக் கொடுங்கள். ஆ... அப்படித்தான்.

இந்தப் போனை வைத்திருங்கள். உள்ளே கொண்டுபோகக்கூடாதாம், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். யாரும் கூப்பிடப் போவதில்லை. ஒருவேளை மணி அடித்தால் எடுங்கள். எடுத்து எதுவும் கேட்டுவிடாதீர்கள். சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய், ஒன்றும் வேண்டாம். காதில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். நான் இதோ வந்துவிடுகிறேன்.